பாதி வரவு, முழுச் செலவு: பிக்கப் வண்டியும் பெரிய டயரும்

டயரின் விட்டத்தை 55 மில்லிமீட்டர் கூட்டினால் வண்டி எவ்வளவு உயரும்? ஏறக்குறைய 27 மில்லிமீட்டர். சக்கரத்தின் நடுவுக்குக் கீழே இருக்கும் பாதிதான் வண்டியைத் தூக்குகிறது. மேல் பாதி மட்கார்டுக்குள் ஏறி இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆனால் எடை, உருளும் சுற்றளவு, கியரின் மேல் விழும் பளு, பிரேக்கின் மேல் விழும் பளு, சட்டத்தின் கண்ணில் வண்டிக்கு வரும் மாற்றம் இவையெல்லாம் முழு விட்டத்துக்கும் சேர்த்தே வரும். பிக்கப்புக்குப் பெரிய டயர் போடலாமா என்ற விவாதம் எங்கே நடந்தாலும் இந்தப் பாதி வரவு, முழுச் செலவுக் கணக்கை முதலில் போட்டுவிட்டால் பேச்சு பாதியாகக் குறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

பகேரியாவிலிருந்து தொடங்கலாம். சிசிலித் தீவில் பலெர்மோவுக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில், கத்தால்ஃபானோ மலையடிவாரத்தில், எலுமிச்சைத் தோப்புகளுக்குப் பேர்போன ஊர். இத்தாலியில் ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் நகரங்களில் பலெர்மோ முக்கியமானது. பெல்லெக்ரினோ மலையில் இருக்கும் சாந்தா ரொசாலியா குகைக்கோயிலுக்கு அவர்கள் நடந்து ஏறுவதை அங்குள்ளவர்கள் பழகிய காட்சியாகவே பார்க்கிறார்கள். ஆகவே நமக்கு அது முற்றிலும் அந்நியமான வட்டாரம் அல்ல. ஆனால் நான் இந்த ஊரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. பெரிய சக்கரம் எதற்கு என்ற கேள்விக்குப் பெட்ரோலும் ரப்பரும் வருவதற்கு முன்பே விடை கண்ட ஊர்களில் இதுவும் ஒன்று. அந்த விடையின் பெயர் கர்ரெத்தோ: சித்திரம் தீட்டிய சிசிலி வண்டி.

பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவு வரை சிசிலியின் உட்பகுதியில் சக்கரம் உருளத் தக்க சாலை மிகவும் அரிது. கோதுமையும் கந்தகமும் கோவேறு கழுதைகளின் முதுகில்தான் கடற்கரைக்கு வந்தன. 1787இல் ஜெர்மன் கவி கொய்தே பகேரியாவின் பலகோனியா மாளிகையைப் பார்த்துவிட்டு உள்நாட்டுக்குள் போனபோது சவாரி செய்துதான் போனார். அந்த உட்பகுதியில் இருந்தவை திரட்சேரா எனப்படும் மண்தடங்கள். ஆட்டுமந்தைகளை மலைக்கும் சமவெளிக்குமாக ஓட்டிச்செல்ல ஏற்பட்டவை. அரச திரட்சேராவுக்குச் சட்டப்படி வகுக்கப்பட்ட அகலம் 37.68 மீட்டர். நம்மூர் நான்குவழிச் சாலையை விடவும் அகலம், ஆனால் மழைக்காலத்தில் சேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாலைகள் மெல்ல மெல்ல நீளத் தொடங்கியதும் இரண்டு சக்கர வண்டி பரவியது. பாதி தார்தொடாத கல்பாதை, பாதி திரட்சேரா. அதற்கேற்ப உயரமான சக்கரம், பன்னிரண்டு ஆரக்கால், சுற்றிலும் இரும்புப் பட்டா. அச்சின் மேல் இரும்புச் சித்திரவேலை. குடத்துக்குள் இருக்கும் உலோகப் பூண் ஓட ஓட எழுப்பும் ஓசையை வைத்தே வண்டியின் தரத்தைச் சொல்வார்கள்.

பலகைகளில் வீரர் கதைகளையும் புனிதர் கதைகளையும் தீட்டுவது பின்னால் வந்த அலங்காரம். பகேரியாவின் துகாத்தோ குடும்பம் அந்த ஓவியத்தில் தலைமுறை தலைமுறையாகப் பேர் வாங்கியது. 1911இல் இதே ஊரில் பிறந்த ஓவியர் ரெனாத்தோ குத்துசோ, சிறுவயதில் வண்டி ஓவியர்களின் பட்டறையில் கண்ட நிறங்களைப் பின்னாளில் கான்வாசுக்குக் கொண்டுபோனார். அலங்காரத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். 1715இல் கட்டத் தொடங்கிய பலகோனியா மாளிகையின் மதில் மேல் வரிசையாக நிற்கும் பூதகணச் சிலைகளைக் கண்டு கொய்தே எரிச்சல்பட்டார். ஊர் அதை வைத்தே இன்றும் சுற்றுலாக்காரரை அழைக்கிறது. தேவைக்கு மேல் பெரிதாக்கிப் பார்ப்பதில் மனிதருக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. 35 அங்குல டயரைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் காப்பி குடிக்கப் போகிறவரை அந்த மகிழ்ச்சிக்காக நான் குறைசொல்லப் போவதில்லை. அதை இயந்திரவியல் காரணமாகச் சொல்லும்போதுதான் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது.

கர்ரெத்தோவின் சக்கரத்துக்கு உயரம் வெறும் அழகல்ல. வளைந்துகொடுக்காத ஒரு சக்கரம் 150 மில்லிமீட்டர் உயரமுள்ள கல்லை ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அச்சைக் கிடைமட்டமாக இழுக்கத் தேவைப்படும் விசை, சக்கரத்தின் ஆரத்தையும் கல்லின் உயரத்தையும் பொறுத்தது. ஆரம் 650 மில்லிமீட்டர் என்றால், அந்தச் சக்கரம் தாங்கும் எடையில் 0.83 பங்கு விசை போதும். இன்றைய பிக்கப்பின் சாதாரண டயர் போல ஆரம் 388 என்றால் 1.29 பங்கு வேண்டும். அதாவது பாரத்தை விடவும் கூடுதலாக இழுக்க வேண்டும். ஒற்றைக் கழுதை இழுக்கும் வண்டிக்கு இந்த வித்தியாசம் ஓடுவதா நிற்பதா என்ற வித்தியாசம். நம்மூர் மாட்டுவண்டியின் மரச்சக்கரம் ஆள் மார்பளவு நின்றதற்கும் இதே காரணம்தான். பிறகு நம்மிடம் டயர் வண்டி வந்தது. சக்கரம் பாதியாகச் சிறுத்தது, பாரம் கூடியது, மாடு இளைப்பாறியது. உயரம் செய்த வேலையைக் காற்று ஏற்றுக்கொண்டது.

இந்த மாற்றத்தைத்தான் இன்றைய விவாதம் கவனிக்க மறுக்கிறது. அதே 150 மில்லிமீட்டர் கல்லுக்கு, டயரை ஒரு சுற்றுப் பெரிதாக்கி ஆரத்தை 388இலிருந்து 415 ஆக்கினால் தேவைப்படும் விசை 1.29இலிருந்து 1.21 ஆகிறது. சுமார் 6 சதவீதம் மிச்சம். மிச்சம் மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் கழுதைக்கு அது பெரிய வரம். நான்கு சக்கரத்துக்கும் விசை போகும், லோ ரேஞ்ச் கியர் உள்ள டீசல் பிக்கப்புக்கு அது அவ்வளவு பெரிய விஷயமா?

எண்களை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். டொயோட்டா ஹைலக்ஸில் பரவலாக வரும் அளவு 265/65 ஆர் 17. அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம். விட்டம் கணக்குப்படி 776 மில்லிமீட்டர். இந்தியாவில் 2022இல் வந்த ஹைலக்ஸின் உயர்ரக மாடலில் இருக்கும் 265/60 ஆர் 18 அளவும் 775தான். ரிம் பெரிதானதால் வண்டி உயர்ந்துவிட்டதாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ரிம் ஒரு அங்குலம் கூடினால் பக்கச்சுவர் அதில் பாதி குறைகிறது, கல்பாதையில் அது நட்டம்தான். ஆஃப்ரோடு செய்பவர்கள் ஆசைப்படும் அடுத்த படி 285/70 ஆர் 17. விட்டம் 831, பேச்சுவழக்கில் 33 அங்குலம். அதற்கும் மேல் 35 அங்குலம், 889 மில்லிமீட்டர்.

776இலிருந்து 831 என்றால் 7 சதவீதம். 35 அங்குலத்துக்குப் போனால் 14.5 சதவீதம். இந்தச் சதவீதம் வண்டியின் உடம்பு முழுதும் பரவும். இறுதி கியர் விகிதம் 4.10 உள்ள வண்டி 33 அங்குல டயரில் 3.83 போல நடந்துகொள்ளும், 35இல் 3.58 போல. இழுவை குறையும், ஏற்றத்தில் கியர் இறக்க வேண்டிவரும், ஆட்டோமேட்டிக் வண்டி எந்த கியரில் நிற்பதென்று திணறும். பழைய நிலைக்கு வர 35 அங்குலத்துக்கு 4.7 அளவில் கிரவுன் பினியன் மாற்ற வேண்டும், முன்னும் பின்னும். டயர் வாங்கும்போது யாரும் இந்தச் செலவைப் பட்டியலில் எழுதுவதில்லை.

எடை அடுத்தது. சாலைக்கான 265/65 ஆர் 17 டயர் ஒன்று 16, 17 கிலோ இருக்கும். கனரக ரகத்தில் வரும் 285/70 ஆர் 17 ஆல் டெரெய்ன் டயர் சுமார் 25 கிலோ. சக்கரத்துக்கு எட்டு கிலோ கூடுகிறது, அதுவும் சுழலும் விளிம்பில். வண்டியின் தட்டில் எட்டு கிலோ ஏற்றுவதும் டயரின் வெளிவிளிம்பில் எட்டு கிலோ சேர்ப்பதும் ஒன்றல்ல. விளிம்பில் இருக்கும் எடையை முன்னே நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும், ஆகவே வேகமெடுக்கும்போது ஏறக்குறைய இருமடங்காக உணரப்படும். நிறுத்தும்போதும் அப்படியே. பிரேக் டிஸ்க் பழைய அளவிலேயே இருக்கிறது, நெம்புகோலின் கை மட்டும் நீண்டுவிட்டது. ஷாக் அப்சார்பர், பால் ஜாயிண்ட், வீல் பேரிங், ஸ்டியரிங் ராக் எல்லாம் சிறிய டயருக்கு அளந்து வைத்தவை.

தொழிற்சாலையே 33 அங்குல டயர் போட்டால் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் உண்மை விளங்கும். ஃபோர்டு ரேஞ்சர் ராப்டர் 285/70 ஆர் 17 அளவோடுதான் கடைக்கு வருகிறது. அதற்காக ஃபோர்டு சட்டகத்தைப் பலப்படுத்தியது, சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைச் சாதாரண ரேஞ்சரை விட 150 மில்லிமீட்டர் கூட்டியது, மட்கார்டையே புதிதாக வார்த்தது, பின்னால் பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் காயில் ஸ்பிரிங் வைத்தது. விலையாக என்ன போயிற்று? சாதாரண ரேஞ்சர் 3500 கிலோ டிரெய்லரை இழுக்கும், ராப்டர் 2500. சுமக்கும் எடையும் ஒரு டன்னிலிருந்து வெகுவாக இறங்கியது. டயர் மட்டுமே இதற்குக் காரணம் அல்ல, மென்மையான சஸ்பென்ஷனுக்கும் பங்குண்டு. ஆனால் ஒன்றை மாற்றினால் பத்தை மாற்ற வேண்டும் என்று பொறியாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது. டயர் கடையில் நான்கு டயரை மட்டும் மாற்றிக்கொண்டு வெளியே வருபவர் மீதி ஒன்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறார்.

இடம் பற்றாமல் உரசுவது எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயரின் பின்விளிம்பு கேபினைச் சட்டகத்தோடு பிணைக்கும் மவுண்டில் இடிக்கும், உள் பிளாஸ்டிக்கில் தேயும். இதற்கு ஊரெல்லாம் சொல்லும் மருந்து இரண்டு: வண்டியை 40, 50 மில்லிமீட்டர் தூக்குவது, அல்லது சக்கரத்தை வெளியே தள்ளுவது. தூக்கினால் முன் அச்சின் சிவி ஜாயிண்ட் கோணம் கூடித் தேய்மானம் வரும், ஈர்ப்பு மையம் ஏறும், முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். தள்ளுவது இன்னும் வஞ்சகமான வேலை. ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ், எல்200 எல்லாவற்றுக்கும் ஆறு போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். போல்ட் பொருந்துகிறது என்பதற்காக ரிம் பொருந்திவிட்டது என்று அர்த்தமல்ல. ஹைலக்ஸின் நடுத்துளை 106.1 மில்லிமீட்டர், ரேஞ்சரின் துளை 93.1. ஒன்றின் ரிம் இன்னொன்றின் ஹப் மேல் உட்காராது அல்லது நடுவில் ஆடும். ஆஃப்செட் குறைந்த ரிம்மையோ ஸ்பேசரையோ போட்டு வெளியே தள்ளும்போது, ஸ்டியரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையில் பதியும் இடத்துக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. ஒரு பக்கச் சக்கரம் குழியில் விழுந்தால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். பேரிங்குக்கு நெம்புவிசை கூடும். டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டினால் கல்லும் சேறும் பின்னால் வருபவரின் கண்ணாடியில்.

இவ்வளவுக்கும் எதிர்வரவாகப் பிடிமானம் கூடும் என்பார்கள். இதுதான் விவாதத்தின் மையம், இங்கே கொஞ்சம் நிற்போம். இரண்டாயிரம் கிலோ பிக்கப் ஒன்று ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் 500 கிலோ வைக்கிறது என்று கொள்வோம். டயரில் 2.4 பார் காற்று இருந்தால் தரையில் பதியும் பரப்பு தோராயமாக 204 சதுர சென்டிமீட்டர். டயர் 776 ஆனாலும் 831 ஆனாலும் ஏறக்குறைய அதேதான், ஏனென்றால் பாரத்தைத் தாங்குவது காற்றழுத்தமே. விட்டம் கூடினால் பதிவின் வடிவம் கொஞ்சம் நீளும், பரப்பு பெரிதாக மாறாது. ஆனால் காற்றை 1.2 பாருக்கு இறக்குங்கள். பரப்பு 409 சதுர சென்டிமீட்டருக்குப் போய்விடும், இருமடங்கு. அதற்கு ஆகும் செலவு ஒரு காற்றளவு மானி, ஒரு 12 வோல்ட் கம்ப்ரசர், இறக்கவும் ஏற்றவும் சேர்த்து அரைமணி நேரம். பகேரியாவை ஒட்டிய ஆஸ்ப்ரா கடற்கரை மணலிலோ எலுமிச்சைத் தோப்பின் பாசன ஈரத்திலோ மாட்டிக்கொண்ட வண்டியை வெளியே எடுப்பது பெரும்பாலும் இந்த அரைமணி நேரம்தான், 33 அங்குலம் அல்ல.

அழுத்தம் குறைந்த டயரில் மெதுவாகத்தான் போக வேண்டும், கூர்மையாகத் திருப்பக் கூடாது. ஒரு பாருக்குக் கீழே போனால் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடும் அபாயம் உண்டு. தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றை ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். இந்த ஒழுக்கம் இல்லாதவருக்குப் பெரிய டயரும் உதவாது.

சிசிலியின் உட்பகுதி களிமண் தனிக்கதை. மழை பெய்தால் அந்த மண் டயரின் பள்ளங்களை நிரப்பி வழவழப்பாக்கிவிடும். அங்கே வேலை செய்வது விட்டமல்ல, சேற்றை உதறித் தள்ளும் ஆழமான, இடைவெளி விட்ட பட்டன்கள். அதே அளவில் மட் டெரெய்ன் டயர் போட்டவர், பெரிய அளவில் சாலை டயர் போட்டவரை எளிதாகத் தாண்டிப்போவார். ஆனால் அந்த மட் டெரெய்ன் டயர் மழையில் நனைந்த தார்ச்சாலையில் நிற்க அதிக தூரம் எடுத்துக்கொள்ளும், இரைச்சல் போடும், சீக்கிரம் தேயும். பகேரியாக்காரர் வாரத்தில் ஆறு நாள் பலெர்மோ நெடுஞ்சாலையிலும் ஒருநாள் தோப்பிலும் ஓட்டுகிறார் என்றால் ஆல் டெரெய்ன் அவருக்குப் போதும்.

அந்த நெடுஞ்சாலையே ஒருமுறை பாடம் நடத்தியது. 2015 ஏப்ரல் 10 அன்று பலெர்மோவையும் கத்தானியாவையும் இணைக்கும் ஏ19 நெடுஞ்சாலையில் ஹிமேரா மேம்பாலத்தின் தூண்கள் நிலச்சரிவில் சாய்ந்தன. தீவு இரண்டாகப் பிளந்ததுபோல் ஆயிற்று. வண்டிகள் மதோனியே மலைச்சாலைகளில் சுற்றிப் போயின. அப்போது கல்த்தாவுத்தூரோ ஊருக்கருகே ஒரு பழைய திரட்சேராவைச் செப்பனிட்டுக் கான்கிரீட்டும் தாரும் போட்டு, அதே ஆண்டு ஜூலை மாத இறுதியில் திறந்தார்கள். ஐந்து நட்சத்திர இயக்கம் என்ற கட்சியின் பிராந்தியச் சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தில் ஒதுக்கிய பணம் அதற்குப் போனது. செங்குத்தான குறுக்குவழி; ஆனாலும் ஃபியட் பாண்டாக்கள் அதில் ஏறிப் போயின. ஆட்டுமந்தைப் பாதையை வாகனம் வெல்வதற்குப் பெரிய டயர் தேவைப்படவில்லை, பாதையைக் கொஞ்சம் திருத்தினால் போதுமாக இருந்தது.

இனி சட்டம். இத்தாலியில் ஒவ்வொரு வண்டியின் பதிவுச் சான்றிதழிலும் எந்தெந்த டயர் அளவுகள் போடலாம் என்று அச்சிட்டிருக்கும். அங்கே எல்லோரும் அதை லிப்ரெத்தோ என்பார்கள். அதில் உள்ள அளவை எப்போது வேண்டுமானாலும் போடலாம். இல்லாத அளவு என்றால் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 78ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: வண்டியின் கட்டமைப்பில் மாற்றம் செய்தால் மோத்தோரித்சாத்சியோனே எனப்படும் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டிச் சோதனைக்குட்படுத்தி லிப்ரெத்தோவைப் புதுப்பிக்க வேண்டும், தயாரிப்பாளரின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். செய்யாமல் ஓட்டினால் நானூறு யூரோவைத் தாண்டும் அபராதம், லிப்ரெத்தோவும் பறிமுதல். 2013இன் 20ஆம் எண் ஆணை மாற்றுச் சக்கரங்களுக்கு நாட்டளவில் ஓர் அங்கீகார முறையைக் கொண்டுவந்து கார்க்காரர்களுக்கு வேலையை இலகுவாக்கியது. ஆனால் அந்த ஆணை பேசுவது பயணியர் கார்களைப் பற்றி. பிக்கப்பின் பெரும்பகுதி அங்கே சரக்கு வாகனமாக, என்1 வகையில், பதிவாகிறது. ஆகவே பிக்கப்காரருக்குப் பழைய நீண்ட வழிதான். நான்காம் ஆண்டிலும் பிறகு இரண்டாண்டுக்கொரு முறையும் வரும் கட்டாயப் பரிசோதனையில் டயர் அளவை லிப்ரெத்தோவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதெல்லாம் இல்லாவிட்டாலும் காப்பீடு இருக்கிறது. விபத்து நடந்தபின் அனுமதியில்லாத மாற்றம் தெரியவந்தால் நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை உரிமையாளரிடம் திரும்பக் கேட்கலாம்.

இன்னொரு சின்னக் கண்ணி. டயரின் பக்கத்தில் இருக்கும் எண்ணும் எழுத்தும். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், 121 என்றால் 1450. கியூ என்றால் மணிக்கு 160, எஸ் 180, டி 190. முரட்டு மண்டயர்களில் பெரும்பாலானவை கியூ. லிப்ரெத்தோவில் எஸ் என்றிருக்கும் வண்டிக்கு சேறு, பனிக்கான எம்+எஸ் முத்திரையுள்ள கியூ டயரைக் குளிர்காலத்தில் போடச் சலுகை உண்டு, கோடையில் அது விதிமீறல். பனியே அபூர்வமான பகேரியாவில் பலரும் மறந்துவிடக்கூடிய விதி இது.

வேகமானி இன்னும் நேரடியாகப் பர்சைத் தொடும். ஐரோப்பிய விதிப்படி வேகமானி உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டவே கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். டயரை 7 சதவீதம் பெரிதாக்கினால் அது தலைகீழாகும். துல்லியமாக இருந்த மானி 90 காட்டும்போது வண்டி 96இல் ஓடும். இத்தாலிய வேகக் கேமராக்கள் 5 சதவீதமோ 5 கிலோமீட்டரோ, எது பெரிதோ அதைக் கழித்துவிட்டுத்தான் எழுதும். 96இலிருந்து 5 போனால் 91. வரம்பு 90. ஓட்டுநர் சத்தியம் செய்தாலும் ரசீது வரும். புதிய வண்டிகளில் இது பணத்தோடு நிற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் புதிய வண்டிகளுக்குத் தானியங்கி அவசர பிரேக் கட்டாயம். அதன் ராடாரும் கேமராவும் எந்த உயரத்தில், எந்தச் சுற்றளவில் உருளும் வண்டிக்கு அளவுசெய்யப்பட்டனவோ அந்த வண்டி இப்போது இல்லை. ஏபிஎஸ், இஎஸ்பி அமைப்புகளும் சக்கரச் சுழற்சியை எண்ணித்தான் முடிவெடுக்கின்றன.

பெரிய டயருக்கு ஆதரவாக ஒரே ஒரு நாடு வலுவான வாதம் வைத்திருக்கிறது: ஐஸ்லாந்து. அங்கே பனிப்பாறை மேல் ஓட்ட 38, 44 அங்குல டயர்களைப் பொருத்தி, காற்றை 0.2, 0.3 பார் வரை இறக்கிவிடுகிறார்கள். டயர் பனியின் மேல் பாய்போலப் பரவி மிதக்கும். அந்த அளவுக்குக் காற்றை இறக்கிய பிறகும் ரிம் தரையில் இடிக்காமல் இருக்க உயரமான பக்கச்சுவர் வேண்டும், அதற்குத்தான் அந்த விட்டம். அதாவது அங்கேயும் அழுத்தம்தான் தலைவன், விட்டம் அதற்கு உதவியாள். 1990இல் தொடங்கிய ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் தன் வண்டிகளுக்கு டயர் அளவையே பெயராக வைக்கிறது: ஏடி35, ஏடி38, ஏடி44. 2007இல் பிபிசியின் டாப் கியர் குழு வடக்கு காந்தத் துருவம் 1996இல் இருந்த இடத்தை எட்டியது அவர்கள் தயாரித்த 38 அங்குல ஹைலக்ஸில்தான். அந்த வண்டிகளில் சட்டகம், கியர், மட்கார்டு, பிரேக் என்று எல்லாமே டயரோடு சேர்ந்து மாறியிருக்கும். இன்னொரு செய்தியும் சுவையானது: உலகின் மிகப் பெரிய டயர்களை மாட்டிக்கொண்டு திரியும் அந்த நாட்டில் மண்தரையில் சாலையை விட்டு இறங்குவது சட்டவிரோதம். உறைந்த, பனி மூடிய நிலத்தில் மட்டுமே விலக்கு.

இந்தியாவுக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நடைமுறையில் ஒரே வண்டியின் உயர்ரக மாடலுக்குத் தொழிற்சாலை கொடுக்கும் டயர் அளவைக் கீழ்ரக மாடலுக்குப் போட்டால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. உதாரணமாக 2020 மஹிந்திரா தார் வண்டியின் ஏஎக்ஸ் ரகத்துக்கு 245/75 ஆர் 16, எல்எக்ஸ் ரகத்துக்கு 255/65 ஆர் 18. இரண்டுக்கும் விட்டத்தில் 15 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் டயர்களைக் கேரளப் போக்குவரத்துத் துறை தேடிப் பிடிக்கிறது, தமிழ்நாட்டில் கண்டும் காணாமல் போகிறார்கள். கண்டும் காணாமல் போவதைச் சட்டத்தின் அனுமதியாக எடுத்துக்கொள்வது நம்மூர்ப் பழக்கம். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் அப்படி எடுத்துக்கொள்ளமாட்டார்.

பெரிய டயர் இல்லாமல் முடியாது என்று சொல்பவர்களை நான் கொழுக்குமலைக்கு அனுப்பி வைப்பேன். தேனி மாவட்டத்தின் விளிம்பில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து போகும் பாதை, பாதை என்று சொல்லக் கூசும் பாறைக்குவியல். அதில் விடியுமுன்பே ஏறுபவை பழைய மஹிந்திரா ஜீப்புகள், ஒல்லி டயர்கள், உள்ளே ஆறேழு பேர். ஓட்டுநர் லோ கியரில், கால் பதறாமல், எந்தச் சக்கரம் எந்தக் கல்லில் ஏற வேண்டுமென்று பார்த்துப் பார்த்து ஏற்றுவார். ஒல்லியான டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அடியிலுள்ள கெட்டித்தரையைத் தொடும் என்பதும் அவருக்குத் தெரியும். அகல டயர் எல்லா மண்ணிலும் நல்லது என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை.

அப்படியானால் எதுவும் செய்யக் கூடாதா? செய்யலாம். பகேரியாவில் தோப்பு வைத்திருப்பவருக்கும் கொடைக்கானலில் தோட்டம் வைத்திருப்பவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பதிவுப் புத்தகத்தில் இருக்கும் அளவிலேயே, அல்லது அதே வண்டியின் இன்னொரு ரகத்துக்கு நிறுவனமே கொடுத்த அளவில், பக்கச்சுவர் தடித்த ஆல் டெரெய்ன் டயர், 18 அங்குல ரிம்முக்குப் பதில் 17, அனுமதி இருந்தால் 16, சுமைக் குறியீடு பழையதை விடக் குறையாமல், ஸ்பேசர் வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் கம்ப்ரசரும் இழுவைக் கயிறும் அடித்தகடும். வண்டியின் வயிற்றைக் காக்கும் வேலையை 27 மில்லிமீட்டர் உயரத்தை விட ஓர் எஃகுத் தகடு நன்றாகச் செய்யும், அதற்குக் கியரையும் பிரேக்கையும் கெடுக்க வேண்டியதில்லை. தொழிலே காடுமேடு என்றிருப்பவர், உதாரணமாக மின்கம்பி போடும் ஒப்பந்தக்காரர், 33க்குப் போகலாம். கிரவுன் பினியன், சஸ்பென்ஷன், பிரேக், அங்கீகாரச் சான்று எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவைத்துவிட்டு.

போகிறவர் ஸ்டெப்னியையும் கணக்கில் சேர்க்கட்டும். பிக்கப்பின் தட்டுக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் அந்த இடம் பழைய விட்டத்துக்கு அளந்தது. 33 அங்குலம் சில வண்டிகளில் நெருக்கியடித்துப் போகும், 35 போகாது. சிலர் பழைய சிறிய டயரையே ஸ்டெப்னியாக வைத்துக்கொள்கிறார்கள். பின்அச்சில் ஒரு பக்கம் 831, மறுபக்கம் 776 என்று ஓடினால் டிஃபரன்ஷியல் நேர்சாலையில்கூட ஓயாமல் வேலை செய்து சூடேறும். பார்ட் டைம் நான்கு சக்கர வண்டியில் அப்படியே ஃபோர்வீல் கியரைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஐந்தாவது டயரும் பெரியதாகவே வாங்கித் தட்டின் மேல் நிறுத்திக் கட்டலாம். அப்போது எலுமிச்சைக் கூடைகளுக்குத்தான் இடம் குறையும்.